எங்கள் தெருவின் உயரம்

ஜூன் 3

கடலோர அத்தியாயத்தின் பொறுப்பாசிரியர் அவர்களுக்கு,

வட்டாரப் பருவநிலை மாற்றப் பாதிப்பு மதிப்பீட்டின் வரைவைப் பொதுமக்கள் படித்துக் கருத்துச் சொல்லலாம் என்று நகராட்சிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். படித்தேன். இணையப் படிவத்தில் அறுநூறு எழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது. எனக்குத் திட்டவே அது போதாது. அதனால் தபாலில் அனுப்புகிறேன். தபாலில் வந்தாலும் ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தில் பதில் தரப்படும் என்று அதே அறிவிப்பின் கடைசி வரியில் போட்டிருக்கிறது. அந்த வரியை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

என் கருத்து இதுதான். உங்கள் வரைபடத்தில் எங்கள் தெரு மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் என்றால் 'அவ்வப்போது வெள்ளம் புகக்கூடிய பகுதி' என்று கீழே விளக்கம். இது தவறு. வெள்ளையாக்க வேண்டும்.

காரணம் சொல்கிறேன். இந்தத் தெருவில் ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டும் வழக்கமே கிடையாது. அதன் தலையிலேயே புதிதைக் கொட்டி உருட்டிவிட்டுப் போவார்கள். முன்பு எங்கள் வீட்டுக்குப் படி ஏறிப் போவோம். இப்போது ரோட்டிலிருந்து இறங்கிப் போகிறோம். ரோடு அவ்வளவு உயர்ந்துவிட்டது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் கரை போல நிற்கிறது. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல், ஏதோ பழைய அளவை வைத்துக்கொண்டு, ஏசி ரூமில் உட்கார்ந்து கலர் அடித்திருக்கிறீர்கள்.

மஞ்சளாக இருந்தால் உனக்கென்ன என்று கேட்கலாம். என் தாயார் என்னோடு இருக்கிறார். மழைக்காலத்தில் தரை ஈரம் கசிவதால் அவரைத் தரைத்தளத்தில் படுக்க வைக்க முடியவில்லை. மாடியில் ஓர் அறை கட்ட விண்ணப்பித்தேன். "மஞ்சள் பகுதி. அறிக்கை முடிவாகட்டும், பாக்கலாம்" என்று திருப்பிவிட்டார்கள். அறிக்கை முடிவாகும்வரை மழை காத்திருக்குமா?

மேற்படி தாயாருக்கு ஒரு மகளும் உண்டு. வெளியூரில் பெரிய அலுவலகத்தில் இருக்கிறார். அப்பா காரியம் முடிந்த கையோடு, "வீட்டை வித்துடு, அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னவர். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று தம்பி கத்தியதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடமாக வராதவர். சொன்ன பேச்சைக் கேட்கும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதில் கிடையவே கிடையாது.

பதில் வேண்டும். உங்கள் விதி.

இப்படிக்கு,
பம்பு மோட்டார் மெக்கானிக்,
மஞ்சள் தெரு.


ஜூன் 9

அன்புடையீர்,

தங்கள் கருத்துரை பெறப்பட்டது. பதிவு எண் 412. ஆய்வுக்குப் பின் முடிவு காரணத்துடன் தெரிவிக்கப்படும். கருத்துரையும் அதற்கான பதிலும் இறுதி அறிக்கையுடன் வெளியிடப்படும்.

பொறுப்பாசிரியர்,
கடலோர அத்தியாயம்.

*

டேய்,

மேலே இருப்பது ஆபீஸ். இந்தத் தாள் நான்.

வெளியிடப்படும் என்பதைப் படித்தாயா? ஊர் உலகமே படிக்கும் இடத்தில் வந்து 'ஒரு மகளும் உண்டு' என்று எழுதியிருக்கிறாய். பதிவு செய்யும் பெண் அந்தத் தாளோடு என்னிடம் வந்து, "மேடம், யாரோ வீட்டுச் சண்டையை எழுதியிருக்காரு. அந்தப் பத்தியை எடுத்துடலாமா?" என்று கேட்டாள். "எடுத்துடும்மா" என்றேன். அவள் போனதும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! இன்னும் கோழி கிளறின மாதிரிதான் எழுதுகிறாய்.

உறவுக்காரர் கருத்துக்கு உறவுக்காரர் பதில் எழுதக் கூடாது என்பதும் விதிதான். 412 என் தம்பி என்று எங்கள் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவரை நாங்கள் கத்திரி என்போம், எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவார். "பதிலைப் பக்கத்து மேஜைக்காரர் எழுதட்டும், நீங்க அளவு மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார். எடுத்துக் கொடுப்பேன். என்ன வருகிறதோ அதைக் கொடுப்பேன். அதற்கு மேல் என்னிடம் எதுவும் எதிர்பார்க்காதே.

மாடியில் அறை கட்டுகிறேன் என்கிறாயே, அம்மாவின் முழங்காலைக் கேட்டாயா? மாடிப்படி ஏறுவாளா? ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் 'ஹலோ' சொன்னதும் உன் மோட்டார் சத்தம் நின்றுவிடுகிறது. ஒட்டுக் கேட்பதைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்யக் கூடாதா?

ஆபீஸ் மின்னஞ்சலில் எனக்கு எதுவும் எழுதாதே. எல்லாம் பதிவாகும். தபாலே போதும்.

அக்கா.


ஜூன் 14

அக்காவுக்கு,

ஒட்டுக் கேட்கவில்லை. மோட்டாருக்கும் ஓய்வு வேண்டாமா?

முழங்காலைப் பற்றி நீ கவலைப்படாதே. ஏற முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு போவேன். நாள் முழுக்க மோட்டார் தூக்குகிறவனுக்கு அம்மா ஒரு கனமா?

நான் தனியாள், என் பேச்சு எடுபடாது என்று நினைத்திருப்பாய். இத்துடன் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன், பார். தெரு முழுக்கக் கையெழுத்து. வீடு வீடாகப் போனேன். தையற்காரி முதல் ஆளாகப் போட்டாள். இஸ்திரிக்காரர், "வெள்ளையாக்குறதுன்னா அது நம்ம தொழிலாச்சே" என்று சிரித்துக்கொண்டே போட்டார். எதிர்வீட்டு வாத்தியார் இரண்டு இடத்தில் பிழை திருத்திவிட்டுப் போட்டார். எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டட வேலை நிற்கிறது. "உங்கக்கா அங்கதானே இருக்கு, சொன்னா செய்யாதா?" என்று கேட்டார்கள். "அவ செய்ய மாட்டா, அதனாலதான் ஊரைக் கூட்டுறேன்" என்றேன்.

இதையும் 412-ஓடு சேர்த்துக்கொள்ளச் சொல். வெள்ளையானதும் சொல்லி அனுப்பு, தெருவுக்கே டீ வாங்கித் தருகிறேன்.

உன் தம்பி.


ஜூன் 20

தம்பிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரர், "தரை தேய்ஞ்சுடும், உக்காருங்க" என்கிறார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்ன தவறு உண்மை. எங்கள் கணக்கில் தவறு இருக்கிறது. ஆனால் நீ நினைக்கிற பக்கம் இல்லை.

தரையின் உயரத்தை விமானத்தில் இருந்து அளந்து வாங்கினோம். நம் தெருவில் கூரையும் மரமும் மறைக்காத இடம் ரோடு ஒன்றுதான். அதனால் ரோட்டில் கிடைத்த உயரத்தையே இரண்டு பக்க வீடுகளுக்கும் போட்டுவிட்டோம். உன் உயர்ந்த ரோடு எங்கள் கணக்கில் முழுதாக இருக்கிறது. வீடுகள்தான் இல்லை. வீடுகள் ரோட்டுக்குக் கீழே கிடக்கின்றன என்பதை எழுதிக் கொடுத்தவன் நீ. 'இறங்கிப் போகிறோம்' என்ற உன் வரியைப் பக்கத்து மேஜைக்காரர் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். வீட்டு உயரத்தைப் போட்டுப் பார்த்தோம். தெரு மஞ்சள் இல்லை. சிவப்பு.

சிவப்பென்றால் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது. மாடி அறையும் கிடையாது. தெருவையே மேட்டுப் பக்கம் மாற்றுகிற திட்டத்தில் முதலில் சேர்ப்பார்கள். அப்படித்தான் வரைவில் இருக்கிறது.

உன் கருத்தை ஏற்றால் தெரு சிவப்பாகும். அதற்குக் காரணம் 412 என்று அச்சில் வரும். கீழே தெரு முழுக்கப் போட்ட கையெழுத்து. ஏன்டா வீடு வீடாகப் போனாய்?

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. என் மேல்தான். அப்பாவைக் கொண்டுபோன அன்று அந்த வாசலில் இறங்கும்போது கால் தடுமாறி உன் தோளைத்தான் பிடித்தேன். இறங்கியது என் கால். அதே நான் இங்கே வந்து ரோட்டு உயரத்தை வீட்டுக்கும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இதை நான் சொல்லக் கூடாது, சொல்கிறேன். கருத்துச் சொன்னவர் ஜூலை 15 வரை அதைத் திரும்பப் பெறலாம். பெற்றுவிட்டால் அதைப் பற்றி யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. மஞ்சள் மஞ்சளாகவே போய்விடலாம். உனக்கு மாடியும் ஒருநாள் கிடைக்கலாம். செய் என்று சொல்லவில்லை. செய்யாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அம்மா அங்கே படுத்திருக்கிறாள் என்பது மட்டும் தலைக்குள் சுற்றுகிறது.

அக்கா.


ஜூன் 24

ஆக, நீ நினைத்ததைச் சாதித்துவிட்டாய்.

வீட்டை விற்கச் சொன்னாய், மாட்டேன் என்றேன். இப்போது விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. அதையும் என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டாய். கெட்டிக்காரி. நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன், என்னை நீ சுற்றிவிட்டாய்.

திரும்பப் பெறலாமா வேண்டாமா என்று எனக்கு யோசனை வேறு சொல்கிறாயா? தெருவில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. பார்ப்பவர்கள் எல்லாம் "வெள்ளையாச்சா?" என்கிறார்கள்.

இனி எழுதாதே.


ஜூலை 2

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டு வருடம் வீணாய்ப் போனது போதும்.

செய்தியில் உங்கள் பக்கம் கடல் ஏறியிருக்கிறது, மழையும் சேர்ந்துகொண்டது என்கிறார்கள். அம்மா போன் அணைந்திருக்கிறது. உன் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. தையற்காரியின் எண் இருந்தது, அடித்தேன். "உங்கம்மா பெஞ்சு மேல உக்காந்திருக்காங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். எந்தப் பெஞ்சு? எதற்குப் பெஞ்சு மேல்?

வேலை ஓடவில்லை. என் மேஜையில் கடலோரம் முழுக்க விரிந்து கிடக்கிறது. விரல் நம் தெருவுக்கே போகிறது. வரைபடத்தில் அது ஒரு நகம் அகலம்கூட இல்லை. அதற்குள் அம்மா எந்த அறையில் இருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், பைத்தியக்காரி மாதிரி.

என்னைத் திட்டியாவது ஒரு வரி போடு.

அக்கா.


ஜூலை 6

அக்கா,

அம்மா நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு முன்பக்கப் பட்டறை பெஞ்சு மேல், கம்பி சுற்ற வந்த மோட்டார்களுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. என் போனை எடுக்காதது திமிர்தான்.

நடந்ததைக் கேள். பட்டப்பகல். பெரிய மழைகூட இல்லை. நான் ரோட்டில் நின்று கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தண்ணீர் வந்தால் ரோடு தடுக்கும் என்று. தண்ணீர் அந்தப் பக்கம் வரவே இல்லை. அம்மா உள்ளே இருந்து, "டேய், குளியலறையில ஊத்துதுடா" என்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தால் சாக்கடைத் துளை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு மேலே வருகிறது. நேரம் போகப் போக முழங்கால். ரோடு மட்டும் காய்ந்துபோய் ஜம்மென்று இருக்கிறது!

தெருவில் பம்புக்கு என்ன பஞ்சம், கடை முழுக்கப் பம்பு. ஒன்றைப் போட்டு ரோட்டுக்கு மேல் குழாயைத் தூக்கி அந்தப் பக்கம் இறைத்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு வாத்தியார் சத்தம் போடுகிறார். நான் இறைத்தது நேராக அவர் வீட்டுக்குள் போயிருக்கிறது. அவரும் என்னிடம் வாங்கிய பம்பை எடுத்து இந்தப் பக்கம் இறைத்தார். நான் அவருக்கு, அவர் எனக்கு. சாயங்காலம்வரை இரண்டு பேரும் ஒரே தண்ணீரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பெஞ்சு மேல் இருந்து அம்மாதான் கடைசியில், "போதும், மோட்டாரை நிறுத்து. கரன்ட்டு பில்லுக்குத்தான் கேடு" என்றாள். வாத்தியாரும் நானும் நடு ரோட்டில் குழாயும் கையுமாக நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்தது. எனக்கு அழுகையும் வந்தது, அவரிடம் காட்டவில்லை.

ரோடு கரைதான் அக்கா. நாங்கள்தான் கரைக்கு வெளியே இல்லை, குளத்துக்குள் இருக்கிறோம்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரையும் தையற்காரி வீட்டு முன்னால் கூப்பிட்டேன். ரோட்டு விளிம்பில் நின்றுகொண்டு, "நீங்க கையெழுத்துப் போட்ட தாளாலதான் தெரு சிவப்பாகப் போவுது. போட வெச்சது நான்" என்று சொல்லிவிட்டேன். இஸ்திரிக்காரர் பாய்ந்து வந்தார். "என் பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன், மேல ரூம் கட்டணும். என் கையெழுத்தைத் திருப்பிக் குடுய்யா!" என்று சட்டையைப் பிடித்தார். திரும்ப வாங்கலாம், பதினைந்தாம் தேதிவரை நேரம் இருக்கிறது என்று சொன்னேன். எல்லோரும் வாங்கு வாங்கு என்றார்கள். அப்போது தையற்காரி, மெஷினைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "வாங்கிட்டா தண்ணி திரும்பிப் போயிடுமா? ஊட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, மேப்புல மஞ்சள். அந்த மேப்பை வெச்சுத் துடைக்கவா?"

இஸ்திரிக்காரர் சட்டையை விட்டார். கசங்கிய இடத்தை அவரே நீவியும் விட்டார், தொழில் பழக்கம்.

நான் 412-ஐத் திரும்ப வாங்கப் போவதில்லை. இன்னொரு கருத்து அனுப்புகிறேன். எங்கள் ஒவ்வொரு வீட்டு வாசலும் ரோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்திருக்கிறோம். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் வைத்து அளந்தோம். ஒரு முனையை வாத்தியார் பிடித்தார், மறுமுனையை இஸ்திரிக்காரர் பிடித்தார். விமானம் பார்க்காததை உங்கள் ஆட்கள் வந்து மறுபடி அளந்து சரிபார்க்கட்டும். சிவப்பென்றால் நல்ல சிவப்பாகப் போடச் சொல். ஆனால் இடம் கொடுத்தால் தெரு மொத்தத்துக்கும் ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும், பிய்த்துப் போடக் கூடாது. அதையும் கருத்தில் எழுதியிருக்கிறோம். அதற்கும் பதில் வேண்டும்.

போன கடிதத்தில் எழுதியது கோபத்தில். மனதில் வைத்துக்கொள்ளாதே.

தம்பி.


ஜூலை 19

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் நின்றுகொண்டு படித்தேன். பம்பு கதையில் வாய்விட்டுச் சிரித்து, அடுத்த வரியில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார்.

நான் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். திரும்பப் பெறலாம் என்று உனக்கு எழுதியதைக் கத்திரியிடம் சொல்லிவிட்டேன். வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மனிதர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க தெரு பக்கங்களை இனிமே நீங்க தொடாதீங்க" என்றார். பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் பக்கத்து மேஜைக்காரர் பெயர் வரும். போகட்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிரவு வெகு நாளைக்குப் பிறகு தூங்கினேன்.

இத்துடன் 412-க்கும், நீங்கள் வாசல் அளந்து அனுப்பிய கருத்துக்கும் (அது 688) முடிவு இருக்கிறது. நான் எழுதியதல்ல.

'எண் 412: ஏற்கப்பட்டது. தெருவின் உயரம் வீட்டு வாசல் மட்டத்தின்படி திருத்தப்படும். பகுதி சிவப்பு. இதே முறையில் கணக்கிடப்பட்ட மற்றத் தெருக்களும் மறு ஆய்வு செய்யப்படும்.

எண் 688: பகுதியாக ஏற்கப்பட்டது. வாசல் அளவுகள் நேரில் சரிபார்க்கப்படும். ஒரே இடத்தில் குடியமர்த்தும் கோரிக்கை பரிந்துரையில் சேர்க்கப்படும். முடிவு நகராட்சியுடையது.'

மற்றத் தெருக்கள் என்ற வரியைப் பார்த்தாயா? கடலோரம் நெடுக எத்தனையோ தெருக்கள் உன் ஒரு வரியால் நிறம் மாறப்போகின்றன. நிறைய பேர் உன்னைத் திட்டுவார்கள். சில பேர் பிழைப்பார்கள்.

அம்மாவை என்னிடம் அனுப்பு என்று கேட்கப்போவதில்லை. கேட்டுக் கேட்டுத்தான் உன்னை இழந்தேன். மழைக்காலத்துக்கு என்ன செய்வாய் என்று மட்டும் சொல்.

அக்கா.


ஜூலை 26

அக்கா,

வாத்தியாரின் அண்ணன் வீடு மேட்டுப் பக்கம் காலியாக இருக்கிறது. மழைக்காலத்துக்கு அதைப் பேசிவிட்டேன். தரைத்தளம், படி இல்லை. தையற்காரியும் மெஷினோடு கூட வருகிறாள். நகராட்சி இடம் எப்போது கொடுக்கும், கொடுக்குமா, தெரியாது. தினமும் போய் நிற்கிறோம். இஸ்திரிக்காரர்தான் முன்னால் நிற்கிறார்.

நீ அனுப்பிய முடிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஊர்ல எல்லாருகிட்டயும் கருத்துக் கேக்குறீங்களே, எனக்கு ஒரு நம்பர் கிடையாதா?" என்றாள். தேதி முடிந்துவிட்டது என்றேன். "அது அவங்க தேதி. நீ எழுது" என்று உட்கார வைத்துவிட்டாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்:

"என்னை மாடியில ஏத்துறதா, வெளியூருக்கு அனுப்புறதான்னு ரெண்டு பேரும் ரெண்டு வருஷமா அடிச்சுக்கிட்டீங்க. எனக்குத் தண்ணின்னா பயம். அதை இவன்கிட்ட சொன்னா, அக்கா கட்சியான்னு கேப்பான். உன்கிட்ட சொன்னா உடனே டிக்கெட் எடுப்ப. அதான் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். நல்லா இல்ல. தெரு எங்க போவுதோ நானும் அங்க போறேன். ஆனா சாமான் கட்டும்போது ரெண்டு பேரும் இருக்கணும். ஒருத்தர் கட்டினா மத்தவர் குறை சொல்லுவீங்க. இதுக்கு எழுத்துல பதில் வேணாம். நேர்ல வந்து சொல்லணும்."

படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏத்துக்கப்பட்டதுன்னு நீயே போட்டுடு" என்றாள். போட்டுவிட்டேன்.

இந்த வாசல்படி மிதிக்காதே என்று அன்று சொன்னேன். அதை நான் திரும்பப் பெறுகிறேன். தேதி முடிந்துவிட்டது என்று சொல்லிவிடாதே. நம் வாசலையும் அளந்து பார்த்தேன் அக்கா, ரோட்டுக்கு ஒன்றரை அடி கீழே இருக்கிறது. மெதுவாக இறங்கி வா. போன தடவை பிடித்த தோள் அங்கேயேதான் நிற்கும்.

தம்பி.